எலும்பு வழி வந்த வினா

சூலை 9, 1973. திங்கள்.
காலை முதல் புழுதிக்காற்று. மதுரை மருத்துவர் எழுதித் தந்த செவிக்கருவி வந்தது. தலைமேல் வளையும் எஃகுப் பட்டை. அதன் முனையில், காதின் பின்னெலும்பை அழுத்தும் சிறு அதிர்வுக்கட்டை. அங்கிருந்து, ஒலிவாங்கி உள்ள சட்டைப்பைப் பெட்டிக்கு ஒரு கம்பி. இளமையில் வடிந்த சீழ் இரு செவிப்பறைகளையும் தின்றுவிட்டது, உள்நரம்பு நலம். ஆகவே ஒலி எலும்பு வழியே போகட்டும் என்றார்.

மாட்டியதும் முதலில் கேட்டது, வள்ளி தேங்காய் துருவும் ஓசை. மணந்த நாள்முதல் நான் அறியாத ஓசை.

"மேடையில இடி இடிக்கிறீக, வீட்ல கூப்புட்டா சுவரு மாதிரி இருக்கீக. இனிமே தப்பிக்க முடியாது!"

காரிக்கிழமை (சனி) காரைக்குடியில் சொற்போர். சென்ற மாதம் அவையில் ஒருவர் ஒன்று கேட்க, நான் வேறொன்று சொன்னேன். நகைச்சுவை என்றெண்ணிச் சிரித்தார்கள். மீண்டும் அப்படி நேர்ந்தால் மேடையை விடுவது உறுதி. இது வள்ளிக்கு மட்டும் தெரியும்.

சூலை 11, அறிவன் (புதன்).
காற்று ஓயவில்லை. கருவியோடு பழக்கம்.
- அறைக்குள் ஒருவர் பேசினால் நன்று. முகம் பாராமலே விளங்குகிறது.
- கடைத்தெருவில் எல்லாம் ஒரே இரைச்சல். பேருந்தின் ஊதல் மண்டைக்குள்.
- பட்டையை இறுக்கினால் வலி. தளர்த்தினால் ஒலி இல்லை.
- துணி உரசினால் பெட்டியில் வேறெதுவும் கேட்பதில்லை.
மின்கலம், மாற்றுக்கு இரண்டு வாங்க வேண்டும்.

"தலப்பா கட்டி மறைச்சுக்கிடுங்களேன்" என்றாள் வள்ளி. கட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவன் போல் இருந்தேன். விடுத்தேன்.

சூலை 14, காரி.
மாலை தூறல். நல்ல கூட்டம். 'நாட்டை உயர்த்துவது ஏரா, எழுத்தா?' எனக்கு எழுத்து.

மன்றச் செயலாளர் துண்டு போர்த்தினார். அதன்மேல் ஊர்ப் பெரியவர் ஒருவர் பொன்னாடை. பெருமை செய்யப் போர்த்திய ஒவ்வொன்றும் என்னை மேலும் செவிடாக்கிற்று. எதிரணி அம்மையார் வினாத் தொடுத்தார். எனக்கு எட்டியது சரிகையின் சரசரப்பு மட்டும். கூட்டம் முடியுமுன் ஆடையைக் களைந்தால் போர்த்தியவருக்கு இழுக்கு. அவை காத்திருந்தது.

பெட்டியைப் பையிலிருந்து உருவி அவர் பக்கம் நீட்டினேன்.

"அம்மா, இதனிடம் இன்னொரு முறை கேளுங்கள்."

முன்வரிசையில் ஒருவன்: "ஏண்ணே, மேடையிலயுமா டிரான்சிஸ்டரு? பாட்டு போடுறாகளா?"

அதுவும் கேட்டது!

"பாட்டு இல்லை, தம்பி. உன் குரல்தான் வருகிறது. செவிப்பறை போயிற்று, எலும்பால் கேட்கிறேன்."

சிரிப்பு. பிறகு கைதட்டல். அம்மையார் மீண்டும் கேட்டார்: "ஏரின்றி எழுதுகிறவன் எதை உண்பான்?" விடை சொன்னேன். சிறந்த விடையன்று. கேட்ட வினாவுக்கான விடை.

சூலை 15, ஞாயிறு.
வெயில். காதின் பின்புறம் சிவந்து புண். வள்ளி மஞ்சள் பற்றிட்டாள். இன்று அதிர்வுக்கட்டை இடப்புறம்.

செயலாளர் வந்தார். "முன்னாடியே சொல்லியிருந்தா போத்தியிருக்க மாட்டேன்ல, ஐயா!"

"முன்னாடி சொல்ல எனக்கு வாய் வரவில்லை."

"நாட்டரசன்கோட்டையில கூப்புடுறாக. வாரீகளா?"

"வருகிறேன். துண்டைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்."

"மாலை?"

"அதுவும் கையில்."