வெண்கலத் தட்டும் பன்னிரண்டாவது நாயும்

2-8-87, ஞாயிறு

விடிந்ததிலிருந்து ஆடிக் காற்று. காயப்போட்ட வேட்டி அடுத்த வீட்டு முருங்கையில்.

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். மதுரைப் பத்திரிகைக்கு வாசகர் கடிதம் எழுதுவதென்று முடிவு. அடியில் என் பெயர், எம்.எஸ்ஸி., விலங்கியல் ஆசிரியர், எல்லாம் போட்டு. ராஜபாளையம் நாய் என்று உலகமெல்லாம் பெருமை. மூக்கில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தால், காதோரம் ஒரு பழுப்புத் திட்டு இருந்தால் அதே நாய் பைபாஸ் ரோட்டில். இதை ஊரில் ஒருவன் எழுதியதில்லை.

காரணம் நேற்று நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸுக்கு வரும்போது தேரடி விளக்குக் கம்பத்தில் ஒரு நாய். தேங்காய் நார்க் கயிற்றால் கட்டியிருந்தது. பூக்கடைக்காரம்மா சொன்னது: “ஆடிப்பூரக் கூட்டத்துக்குள்ள எவனோ கட்டிப் போட்டுட்டுப் போயிட்டான் சார். நாலு நாளாச்சு. நாந்தான் தண்ணி வைக்கேன். கூப்புட்டா திரும்ப மாட்டேங்குது, அம்புட்டுத் திமிரு.”

சுத்த வெள்ளை. இளஞ்சிவப்பு மூக்கு. ஒரு குறை சொல்ல முடியாது. முதுகில் மட்டும் பிரம்புத் தழும்பு, இரண்டு பக்கமும். பின்தொடையின் உள்பக்கம் சிறிய சூட்டுக்குறி, வட்டத்துக்குள் ஒரு கோடு. எங்கள் வீட்டு மாடுகளுக்கு அப்பா போட்ட குறி. இன்று அதை நாய்க்குட்டிகளுக்குப் போடுகிறவர் ஒருவர்தான். என் அண்ணன்.

பஸ்ஸில் ஏற்றவில்லை. வைக்கோல் டெம்போவில் கொண்டுவந்தேன். ரோட்டில் விட்ட நாய்களை நான் வைத்துப் பார்க்கும் பருத்தி ஷெட்டில் இதோடு பன்னிரண்டு.

3-8, திங்கள்

நாய் எண் 12 சாப்பிடுகிறது. கூப்பிட்டால் வருவதில்லை.

என் மனைவி புஷ்பம் சொன்னாள்: “வாங்குனவிய தெலுங்கு வீடா இருக்கும். நீங்க தமிழ்ல கூப்புட்டா அதுக்கு என்ன தெரியும்?”

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பக்கத்து வீட்டு நாகம்மாவை ஷெட் வரை கூட்டிக்கொண்டு போனோம். சோழபுரம் பாதையில் ஒன்றரை மைல், அந்த அம்மாளும் நடந்தே வந்தது. “இக்கட ரா கண்ணா, ரா ரா,” என்று பத்துத் தரம். நாய் சுவரைப் பார்த்தபடி நின்றது.

“எங்க பாஷையும் ஆகல போல. நாளைக்கு மலையாளத்துல கூப்புட்டுப் பாருங்க,” என்று நாகம்மா. புஷ்பத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கு எரிச்சல்.

திரும்பும்போது என் கையிலிருந்த கஞ்சிப் போணி சிமெண்டுத் திண்டின் மேல் விழுந்து உருண்டது. வெறுந்தரையில் கிடந்த பதினொன்றும் துள்ளி எழுந்தன. 12 மட்டும் சாக்கில் படுத்தபடி காலை நக்கிக்கொண்டிருந்தது. பிறகு நான் அதன் பின்னால் போய்த் தரையில் ஓங்கி மிதித்தேன். சட்டென்று திரும்பியது.

செவிடு. திமிர் இல்லை, தெலுங்கு இல்லை. இதைக் கண்டுபிடிக்க விலங்கியல் ஆசிரியனுக்கு மூன்று நாள்.

4-8, செவ்வாய்

அண்ணனிடம் போனேன். நாய்க்கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“செவிட்டு நாய வித்திருக்கீங்க.”

“யார்ல சொன்னா? ஒவ்வொரு குட்டியையும் தட்டடிச்சுப் பாத்துத்தான் குடுக்கேன். திரும்பிப் பாக்காததை நான் வெளிய விடுறதே இல்ல.”

விடாததை என்ன செய்கிறார் என்று நான் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். ஒரு சாக்கு, ஒரு கிணறு.

“அத வாங்கினது யாரு?”

“வன்னியம்பட்டி கைலாசம். மிலிட்டரியில அவில்தாரா இருந்தவன்.” குழாயை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். “பேப்பருக்கு எழுதப் போறியாமே. ஒங்க மதினி சொன்னா.”

புஷ்பம் மதினியிடம் உளறியிருக்கிறாள்.

“எழுது. ஒன் பேரைப் போட்டே எழுது. அது அச்சாயி வந்த அன்னைக்குச் சாயந்தரம் ஷெட்டுல பருத்தி எறக்குவேன். ஒன் கழிசடையெல்லாம் ரோட்டுல நிக்கும்.”

சொன்னால் செய்கிறவர். அப்பாவின் நிலம் பிரித்தபோதும் அப்படித்தான், கரிசல் முழுக்க அவருக்கு, தாலுகா ஆபீஸ் அலைச்சல் எனக்கு. ஷெட் அவருடையது. வாய்வார்த்தையாகக் கொடுத்தது.

வேறு எங்கே வைப்பது?
வீடு: வாடகை. இரண்டு அறை.
பள்ளி: கேட்கவே வேண்டாம்.
கால்நடை ஆஸ்பத்திரி: டாக்டர் நல்லவர். வெறிநாய்த் தடுப்பூசி போட்டுத் தருகிறார், இடம் இல்லை என்கிறார்.
மலையடிவாரத் தோப்புகள்: சிறுத்தை.

பன்னிரண்டையும் எண்ணிப் பார்த்துவிட்டு வந்தேன். எண்ண வேண்டிய அவசியம் இல்லை.

5-8, புதன்

வெயில். காற்று அடங்கவில்லை. பல்வலி.

கடிதம் மூன்று பக்கம் ஆகிவிட்டது. படித்துப் பார்த்தேன். நாய்களைப் பற்றி அரைப் பக்கம், அண்ணனைப் பற்றி இரண்டரை.

புஷ்பம் அரிசி புடைத்துக்கொண்டே, “பேரு போடாம எழுதுங்களேன். ஷெட்டும் நிக்கும், சொன்னதும் ஆச்சு,” என்றாள்.

கத்திவிட்டேன். முறம் கவிழ்ந்தது. அவளுக்குத் தெரியாதா? ஒன்பது வருஷத்துக்கு முன் தலைமை ஆசிரியர் பதவி எனக்கு என்று முடிவான நேரத்தில் மேலிடத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம். ஆய்வகத்து ஸ்பிரிட்டைக் குடிக்கிறேன் என்று. விசாரணையில் ஒன்றும் இல்லை என்றானது. அதற்குள் நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்தாயிற்று. இன்று வரை வீட்டுக்கு வந்தவர், வழியில் பார்த்தவர் எல்லாம் என் வாயருகே வந்து மூக்கை உறிஞ்சிப் பார்க்கிறார்கள்.

எழுதியவன் யார் என்று தெரியாது. நான்கு பேர் மீது சந்தேகம். நான்கு பேரிடமும் பேச்சு இல்லை. அவன் கை அழுகட்டும் என்று தினம் ஒரு தடவை. என்னைப் போய் மொட்டைக் கடிதம் எழுதச் சொல்கிறாள்.

நா. 7க்குக் கண்ணில் பூளை. சொட்டு மருந்து.

6-8, வியாழன்

அரை நாள் லீவு. வன்னியம்பட்டி.

கைலாசத்தை நாலு கேள்வி கேட்பதென்றுதான் போனேன். பஸ்ஸில் வாக்கியங்களைக்கூடத் தயார் செய்திருந்தேன். ‘எல்லையைக் காத்தவர் ஒரு வாயில்லா ஜீவனைக் கம்பத்தில் கட்டிவிட்டு’ என்று தொடங்கி.

மிளகாய்ப் பாத்தியில் மடை மாற்றிக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவு. நாய் என்றதும் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

“உயிரோட இருக்கா சார்?”

இருக்கிறது என்றேன்.

“நான் ரெண்டு நாய்ப் படையோட இருந்தவன். நாய்க்கு ஆர்டர் குடுக்கத் தெரியாதவன் இல்ல. உக்காருன்னா நிக்கும். வான்னா போவும். வேணும்னே பண்ணுதுன்னு நெனச்சேன். பிரம்பை எடுத்தேன். ஒரு வருசம் அடிச்சேன் சார். ஆடிப்பூரத்துக்கு வீட்டுக்காரியும் நானும் போனோம், கூடக் கூட்டிட்டுப் போயி, கோயிலுக்கு வாரவுக யாராச்சும் பாவம் பாத்துக் கொண்டுபோவட்டும்னு கட்டிட்டு வந்துட்டேன். திரும்பிப் பாக்கல.”

“அதுக்குக் காது கேக்காது.”

வாய்க்காலில் தண்ணீர் தப்பி வரப்பை அறுத்துக்கொண்டு போனது, அவர் அதைப் பார்க்கவில்லை.

“அதெப்படி சார்? வாங்கும்போது ஒங்க அண்ணாச்சி என் கண்ணு முன்னாடி டெஸ்ட் பண்ணுனாரு. குட்டி எல்லாம் தரையில நிக்குது. பின்னால போயி வெண்கலத் தட்டைக் கவுத்துத் தரையில ஒரு அடி. அம்புட்டும் திரும்புச்சு. இதுவும் திரும்புச்சு. ‘இது சும்மா நாட்டு முறை இல்லவே, எம்.எஸ்ஸி. படிச்ச எந்தம்பி சொல்லிக் குடுத்தது’ன்னாரு.”

சொல்லிக் கொடுத்தது நான்தான்.

1974ஆக இருக்கும். அண்ணனோடு பேச்சு நன்றாக இருந்த காலம். குட்டிகளின் காதருகே விரலைச் சொடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘விஞ்ஞான முறைப்படி செய்யுங்கள்’ என்று அம்மாவின் தட்டை வாங்கி நானே தரையில் அடித்துக் காட்டினேன். அதைப் பார்த்து அடுத்த வீடு. அதற்கு அடுத்தது. இன்று நாய் வளர்க்கும் ஏழு வீட்டிலும் அந்த முறைதான். பெருமையாக இருந்தது அன்று.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். இடம் இருந்தது.

7-8, வெள்ளி

ஷெட்டில் சோதனை. புஷ்பமும் வந்தாள்.

முதலில் பழைய முறை. தட்டைத் தரையில் அடித்தேன். பன்னிரண்டும் திரும்பின.

பிறகு ஒவ்வொன்றாகத் தனியே பிரித்து, எட்டுச் சாக்கை மடித்துப்போட்டு அதன் மேல் நிறுத்தி, தட்டைக் கையில் தூக்கிப் பிடித்துக் கரண்டியால் அடித்தேன். காற்று மேலே படாத தூரத்தில். நிழல் விழாத பக்கத்திலிருந்து.

ஒன்பது திரும்பின. 12, 4, 9 திரும்பவில்லை. 4 என்னிடம் மூன்று வருஷமாக இருக்கிறது. சொன்ன பேச்சு கேட்காது என்று நானும் அதைத் திட்டியிருக்கிறேன்.

காதால் அல்ல, காலால் கேட்டிருக்கின்றன. செவிட்டுக் குட்டி தேறிப் போய், அடி வாங்கி, ரோட்டுக்கு வந்தது. அசந்து தூங்கியதால் திரும்பாத நல்ல குட்டி கிணற்றுக்குப் போனது. பதின்மூன்று வருஷம். ஏழு வீடு.

“நீங்க வேணும்னா செஞ்சீய?” என்றாள் புஷ்பம்.

மூன்று பக்கக் கடிதத்தைக் கஞ்சி அடுப்பில் போட்டேன். நன்றாக எரிந்தது.

8-8, சனி

கைலாசம் வந்தார். தலையில் சாக்குக் கட்டு, கையில் ஒரு தூக்குக் குறுணை.

அவரைப் பார்த்ததும் 12 மூலைக்குப் போய் ஒண்டிக்கொண்டது, நின்ற இடத்திலேயே மூத்திரம். அவர் கிட்டே போகவில்லை. அதற்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் இருக்கும். நான் கஞ்சி காய்ச்சி ஊற்றி முடித்தேன். அது வரவில்லை.

எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, ஷெட் ஓரமாக நா. 4ஐப் பார்த்துக் கையை விரித்துக் கீழே அமர்த்துவதுபோல் காட்டினார். மறுபடி. மறுபடி. ஆறாவதோ ஏழாவதோ தடவை 4 உட்கார்ந்தது.

“பேட்ரோல்ல வாய் பேசக்கூடாது சார். நில்லு, படு, வா, எல்லாம் கைதான். இருவது வருசம் அதைத்தான் செஞ்சேன். வீட்டுக்கு வந்து வாயால கத்தியிருக்கேன் பாருங்க.”

இதைச் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார். நாளைக்கும் வருவாராம். 12 அவரோடு போகாது என்று நினைக்கிறேன். போக வேண்டும் என்று அவரும் கேட்கவில்லை.

9-8, ஞாயிறு

காற்று விட்டிருக்கிறது. தூறல் மாதிரி ஏதோ. இல்லை.

புதிய கடிதம். ஒரு பக்கம். பத்திரிகைக்கு அல்ல. பெயரில்லாமல் அவர்கள் போடமாட்டார்கள், பெயரோடு வந்தால் ஷெட் போய்விடும். நாய் வளர்க்கும் ஏழு வீட்டுக்கும் ஆளுக்கொரு இன்லேண்ட். அண்ணன் வீடு அதில் ஒன்று.

எழுதியது:
தட்டைத் தரையில் அடித்துப் பார்ப்பது தவறு. குட்டியைத் தனியே சாக்கின் மேல் நிறுத்திப் பாருங்கள். தூங்கும் குட்டியைச் சோதிக்காதீர்கள். கேட்காத குட்டியைக் கொல்ல வேண்டாம், மறைத்து விற்கவும் வேண்டாம். தரையை மிதித்துக் கூப்பிடலாம், கையால் பழக்கலாம். உடம்பில் புள்ளி விழுந்த குட்டியும் காவல் காக்கும். உங்களால் முடியாவிட்டால் ரோட்டில் விடாமல் சோழபுரம் பாதைப் பருத்தி ஷெட்டில் கட்டிவிட்டுப் போங்கள், ஒன்றும் கேட்கமாட்டார்கள். ஷெட்டுக்கு வேண்டியவை: பழஞ்சாக்கு, குறுணை, மீந்த சோறு, ஒரு மணி நேரம் சும்மா உட்கார ஓர் ஆள்.

‘தட்டு முறையைச் சொன்னவன் தவறாகச் சொல்லிவிட்டான்’ என்று ஒரு வரி. அடித்தேன். மறுபடி எழுதினேன். அது இருந்தால் எழுதியது நான்தான் என்று அண்ணன் கண்டுபிடித்துவிடுவார். இல்லாவிட்டால் கடிதத்தில் உண்மை இல்லை. ஏழு வீட்டுக்கும் தெரியும் அதைச் சொன்னது யார் என்று, ஆனால் ஏழு வீட்டில் யார் வேண்டுமானாலும் என்னைக் குறை சொல்லி எழுதியிருக்கலாமே. என்னைப் பிடிக்காதவர் ஊரில் குறைவில்லை. அந்த ஒரு விஷயம் இன்றைக்குத்தான் உதவுகிறது. வரி இருக்கட்டும்.

கையெழுத்து ஒரு தொல்லை. ஏழு வீட்டுப் பிள்ளைகளும் என்னிடம் படித்தவர்கள், கரும்பலகையில் பார்த்த எழுத்து. புஷ்பம் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

“என் எழுத்த இந்த ஊர்ல எவன் பாத்தான்? சொல்லுங்க, எழுதுதேன். இந்தத் தடவ மதினிகிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

ஏழும் எழுதி முடித்துவிட்டு, “கீழ என்ன போட?” என்றாள்.

மொட்டைக் கடிதம் எழுதுகிற கை எப்படி இருக்கும் என்று, அன்று எழுதியவனைச் சபித்துக்கொண்டே, ஒன்பது வருஷமாகப் பலமுறை யோசித்திருக்கிறேன். அது வளையல் போட்டிருக்கும், சொல்லி எழுதவைக்கிறவன் நானாக இருப்பேன் என்று நினைத்ததில்லை.

ஒன்றும் போட வேண்டாம் என்றேன். நாளைக் காலை பஸ் ஸ்டாண்டுத் தபால்பெட்டியில் போடுகிறேன்.