கேசட்டில் விழுந்த குரல்

அக்கா, இவ்வளவு நாள் வாய் மூடியிருந்தது போதும்.

இன்று காலை வலியசாலைத் தெருவில் இஸ்திரி வண்டிக்காரர் யாருடைய சாட்டின் பாவாடையையோ தேய்த்துக்கொண்டிருந்தார். ஈரத் துணி சுடும் அந்த வாசனையில் உன் ரிப்பன் வந்துவிட்டது. ஆறு மீட்டர் சிவப்பு. நீ தேய்க்கும்போது மறுமுனை தரையில் படாமல் நான் பிடித்துக்கொள்வேன். அதைக் குச்சியில் மாட்ட, மீன் தூண்டிலில் போடும் சுழல் வளையம் வாங்கி வந்தாய். "அக்ரஹாரத்துல தூண்டில் சாமான் வச்சிண்டிருக்கிறது நாமதான்டா" என்று சிரித்தாய்.

ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால் அப்பா காதில் ஏறாது. "அந்தக் குதியாட்டம்" என்பார். மாநில அணிக்குத் தேர்வாகாவிட்டால் அதோடு நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

உனக்கு இசை பதிந்து கொடுத்தது நான். ரேடியோ முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்து ஒரு வயலினைப் பிடித்தேன். கேசட்டின் மேல் என் பெயரையும் பெரிதாக எழுதினேன்.

தேர்வன்று ரிப்பன் உன் தலைக்கு மேல் வட்டம் வட்டமாக எழுந்தது. நீ தரையில் இருப்பதாகவே தெரியவில்லை. தண்ணீருக்குள் நடந்து போகிறவள் போலிருந்தாய். அப்போது ஒலிபெருக்கியில் அம்மா கூப்பிட்டாள்: "சாதம் ஆறிப்போறது, வாடா." அரங்கமே சிரித்தது. உன் ரிப்பன் ஓரிடத்திலும் தொய்யவில்லை.

இசையில் சொல் வரக்கூடாது என்பது அப்போதைய விதி. "வாக்கு பாடில்ல, மோளே" என்று மலையாளத்தில் சொல்லி நடுவர் மதிப்பெண்ணைக் குறைத்தார். அணியில் உன் இடம் அதோடு போயிற்று. யார் பதிந்தது என்று கேட்டதற்கு "நான்தான், சார்" என்றாய். பஸ்ஸில் வரும்போது நகத்தால் என் பெயரைச் சுரண்டி எடுத்தாய். "அம்மா குரல் நன்னா விழுந்திருக்கு, இல்ல?" என்றாய்.

அந்த நடுவரை இன்றும் வழியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அப்பாவை அவர் போன பிறகும் மன்னிக்கவில்லை. ஆனால் அக்கா, பதிந்த அன்றே நான் அதைப் போட்டுக் கேட்டேன். குரல் இருந்தது. மெல்லத்தானே கேட்கிறது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன்.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. உன் மகள் இப்போது சிறுமிகளுக்கு ரிப்பன் சொல்லித்தருகிறாள். "அம்மா தன் கேசட்டைத் தானே கெடுத்துண்டா" என்று அவர்களிடம் வேடிக்கையாகச் சொல்கிறாள். இந்த மடல் அவள் கைக்குப் போக வேண்டும்.

கேசட் என்னிடம்தான் இருக்கிறது. சில மதியங்களில் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறேன். வயலின் வருகிறது, சிவப்பு வருகிறது, பிறகு அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள்.

எழுத்தைப் பார்த்தாலே உன் மகளுக்கு ஆளைத் தெரிந்துவிடும். ஆனாலும் நீ சுரண்டிய பெயரை நான் திரும்ப எழுதப் போவதில்லை. கீழே வெறுமையாக விட்டு, இப்படியே தபாலில் போடுகிறேன்.