மஞ்சள் கொடியால் ஊருணியை அளந்த செய்தி

வளம் குன்றாத வெண்குவட்டு நாட்டை ஆளும், பகைவரும் பெயர் சொல்லத் தயங்கும் திண்தேர் வேள் மாமன்னரின் திருமுன், நிலமருதை அரசின் தலைமை அமைச்சரும், வெண்குடை உரிமை பெற்றவரும், அந்த உரிமையை நாளும் பிறருக்கு நினைவூட்டுபவருமான ஏழிற்கோமானார் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் பருவமழை பொய்க்காதிருக்கட்டும்; கணினிகள் பாதி வேலையில் உறையாதிருக்கட்டும்.

விலையின்றிக் கிடைப்பதும், எவரும் திறந்து பார்த்துத் திருத்திக்கொள்ளக் கூடியதுமான ஊருணி என்னும் கணினி இயங்குதளத்தைப் பண்டிதரன்றிச் சாதாரணக் குடிகள் தொடுவதில்லை என்று தாங்கள் அருளியதும், அது பொய்யென்று நிறுவாவிடில் தம் வெண்குடையைத் தங்கள் காலடியில் வைப்பதாக அமைச்சர் மார்தட்டியதும் தாங்கள் அறிந்தவையே. விற்காத பொருளுக்கு விற்ற கணக்கு ஏது? ஆகவே, ஊருணி உடையோர் வாசலில் மஞ்சள் கொடி கட்டுக என்று அமைச்சர் முரசறைவித்தார். சாட்சியாக வந்த தங்கள் தூதர் பொழிலரையர், குடையை மடித்துக் கொண்டுபோக உறையும் கையோடு கொண்டுவந்தார்.

விடிந்ததும் அமைச்சர் பல்லக்கேறித் தெருவுக்கு வந்தார். ஐயகோ! பச்சை, ஊதா, கட்டம் போட்டது என்று கொடிகள் பறந்தன. மஞ்சளை மட்டும் காணோம். வினவியபோது, தாம் வைத்திருப்பது தாமே செப்பனிட்ட ஊருணி என்றும், எதிர்வீட்டானின் ஓட்டை ஊருணியோடு ஒரே நிறத்தில் சேர்வது தமக்கு இழுக்கு என்றும் ஒவ்வொருவரும் உரைத்தனர். தேடிக் கண்ட ஒரே மஞ்சளும் சாயக்காரர் உலர்த்திய சேலை. கொடி கட்டியோர் அனைவரும் பண்டிதரே என்று நகைத்த தூதர், உறையைப் பிரித்தார். அமைச்சர் பல்லக்கைத் தெருக்கோடி வரை நடத்தச் சொன்னார்.

தெருக்கோடியில் கொடியே கட்டாதிருந்தவர் வாழைக்காய் விற்கும் அங்காயியார். தம் கணினிப் பெட்டிக்குள் இருப்பது இன்னதென்று தமக்குத் தெரியாதென்றும், அது பாட்டுப் பாடுகிறது, சந்தை விலை சொல்கிறது, அதுவே போதுமென்றும், பல்லக்கைக் கொஞ்சம் நகர்த்தினால் நாலு காய் விற்குமென்றும் அவர் விண்ணப்பித்தார்.

தூதர் எட்டிப் பார்த்தார். பார்த்தவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை! இதுவும் ஊருணிதான், ஆனால் அரதப்பழசு, எழுத்தெல்லாம் நடுங்குகிறது, தம் வீட்டில் மாமியார் சமையல் குறிப்புப் பார்ப்பதே அசல் ஊருணி என்று முழங்கிவிட்டார். அப்படியானால் ஐயா வீட்டுக் கொடி என்ன நிறமென்று அங்காயியார் வினவ, தெருவே ஆர்ப்பரித்தது.

பண்டிதரல்லாத இரு நாட்டுக் குடிகளும் இவ்வாறு ஒருசேர அகப்பட்டமையால் உறையைத் திருப்பி அனுப்பியுள்ளோம். தூதரை அனுப்ப இயலவில்லை. அசல் எது என்று தெருவோடு வாதாடிக்கொண்டிருக்கிறார். அவருக்கு மாற்றுடையும், சாட்சி சொல்ல அவர்தம் மாமியாரையும் விரைந்து அனுப்புக. இது வேண்டுகோள்; வென்றவர் வேண்டுவதால் ஆணையெனக் கொள்ளினும் பிழையில்லை.

ஏழிற்கோமானார் கைச்சாத்து. குடை முத்திரை, விரிந்த நிலையில்.