போகிப் புகையில் எரிந்த பச்சை விளக்கு

கோட்டூர்புரம்,
ஜனவரி 21.

அன்பு மகன் டில்லிபாபுவுக்கு அம்மா முனியம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் தங்கை நிஷாவும் நல்லபடியாக இருக்கிறோம், நீயும் அந்த மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டு, ஏ.சி. ரிப்பேருக்கு மொட்டை மாடி ஏறும்போது தலையில் துண்டு போட்டுக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். தினமும் போனில் பேசிக்கொண்டு கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். நம் வீடு ஒரே ரூம், நான் போனில் இருமினாலும் நிஷா காதில் விழும், அவள் இல்லாத நேரம் பார்த்துப் பேசலாம் என்றால் நீ டூட்டியில் இருப்பாய். அதுவும் இல்லாமல் இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் பாதியிலேயே கத்த ஆரம்பித்துவிடுவாய், மீதியை நான் யாரிடம் சொல்வது. உன் கூட வேலை செய்கிற அக்பர் பாஷா லீவு முடிந்து சனிக்கிழமை கிளம்புகிறான், அவன் கையில் எலுமிச்சை ஊறுகாயும் கருவாடும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். கருவாட்டை முதலில் வெயிலில் காயவை, அப்புறம் உட்கார்ந்து படி.

பொங்கலுக்கு நீ பேசும்போது நிஷாவுக்குக் காய்ச்சல், தூங்குகிறாள் என்று சொன்னேன் அல்லவா, அது காய்ச்சல் இல்லை. போகியன்று காலையில் பள்ளிக்கூடத்து கிரவுண்டில் ஓடும்போது மூச்சு அடைத்து விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை பிடிக்கவைத்து, ஒரு ராத்திரி வைத்திருந்துதான் அனுப்பினார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள், சாப்பிடுகிறாள், என்னோடு சண்டை போடுகிறாள், ஆகையால் பதறாதே. நான் எழுத வந்தது அவள் விழுந்ததைப் பற்றி மட்டும் இல்லை, அவளை விழவைத்தவர்களைப் பற்றி. நினைத்தாலே வாயில் கெட்ட வார்த்தை வருகிறது, நீ படித்த பள்ளிக்கூடம் என்று பார்க்கிறேன்.

நீயும் உன்னோடு படித்த பையன்களும் சேர்ந்து போன ஜூன் மாதம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு காற்று மீட்டர் வாங்கிக் கொடுத்தீர்களே. காற்று நன்றாக இருந்தால் பச்சை விளக்கு, சுமாராக இருந்தால் மஞ்சள், கெட்டுப்போயிருந்தால் சிவப்பு, சிவப்பு எரிந்தால் பிள்ளைகளை கிரவுண்டில் ஓடவிடாதீர்கள் என்று நீ ஹெச்.எம். அம்மாவிடம் படித்துப் படித்துச் சொன்னாய். கரஸ்பாண்டெண்ட் சால்வை போட்டுக்கொண்டு ரிப்பன் வெட்டினார், நானும் முன்வரிசையில் உட்கார்ந்து என் பிள்ளை கொடுத்தது என்று கை வலிக்கத் தட்டினேன். முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. வெளியே ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், உள்ளே கிரவுண்டு மூலையில் பள்ளிக்கூடத்துக் குப்பையையே கொளுத்துகிறார்கள், ஆகையால் வாரத்தில் பாதி நாள் சிவப்புதான். அந்த நாளில் பி.டி. மாஸ்டர் அசோகன் பிள்ளைகளை மாடி ஹாலுக்குக் கூட்டிப்போய் உடற்பயிற்சி மட்டும் செய்யவைப்பார். கரஸ்பாண்டெண்டுக்கு அது பிடிக்கவில்லை, கேட்டுக்குள் நுழைகிறவர்கள் கண்ணில் முதலில் படுவதே சிவப்பு விளக்காக இருந்தால் யார் பிள்ளையைச் சேர்ப்பார்கள் என்று முணுமுணுத்தாராம்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. பெஞ்சுக்கு, மணிக்கு, கம்ப்யூட்டருக்கு எல்லாம் பொட்டு வைத்தவர்கள் மீட்டரைச் சும்மா விடுவார்களா, காற்று உள்ளே போகிற சின்னச் சின்ன ஓட்டைகள் மேலேயே சந்தனத்தைக் குழைத்து மெத்தென்று அப்பி நடுவில் குங்குமம் வைத்தார்கள். அடுத்து மழை பிடித்துக்கொண்டது, விலையுயர்ந்த சாமான் நனைந்து கெட்டுவிடும் என்று கண்ணாடி மாதிரி தெரிகிற கெட்டி பிளாஸ்டிக் பையை மாட்டிச் சுற்றிலும் டேப் ஒட்டினார்கள். தூசியை அளக்கிற மெஷினுக்குத் தூசி படாமல் உறை. இதுவரைக்கும் நான் யாரையும் திட்டமாட்டேன் டில்லி, நம் வீட்டில் ரிமோட்டுக்கு உறை, ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்கு உறை, நீ அனுப்பின மிக்ஸி இன்னும் அட்டைப்பெட்டியில்தான் இருக்கிறது. உறை போட்டதை நானே பார்த்தேன், பரவாயில்லையே, பத்திரமாக வைத்திருக்கிறார்களே என்றுதான் நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு அது பச்சையைத் தவிர எதுவும் காட்டவில்லை. தீபாவளி மறுநாள் தெருவெல்லாம் வெடிக் குப்பை, மூக்கெல்லாம் கந்தகம், அது பச்சை. இதைப் பார்த்து ஒரு படித்த மனுஷனாவது இது எப்படி என்று கேட்டிருக்கவேண்டாமா. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவர்களுக்குப் புத்தி எங்கே போயிற்று. கேட்கவில்லை, மாறாக கேட்டில் பெரிய பேனர் கட்டினார்கள், தூய காற்றுப் பள்ளி என்று கொட்டை எழுத்து, பக்கத்தில் கரஸ்பாண்டெண்ட் சிரிக்கிற படம். மாடி ஹாலைப் பூட்டிவிட்டார்கள்.

போகியன்று நம் ஊர் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை, டயரும் பாயும் பிளாஸ்டிக் குடமும் எரித்து எதிர் வீடு தெரியாது. இந்தப் பள்ளிக்கூடத்துப் புண்ணியவான்கள் அன்றைக்கு என்ன எரித்தார்கள் தெரியுமா, போன வருஷத்து ஆண்டுவிழா, விளையாட்டு விழா ஃப்ளெக்ஸ் பேனர்களை எல்லாம் சுருட்டி கிரவுண்டு மூலையில் போட்டு எரித்தார்கள். மழையால் தள்ளிப்போன மாவட்டப் போட்டி இந்த மாசக் கடைசியில் என்பதால் பிராக்டிஸுக்கு லீவு கிடையாது. அசோகன் மாஸ்டர் மீட்டரைப் பார்த்தார், பச்சை, ஓடுங்கள் என்றுவிட்டார். நிஷாவும் அவள் கூட்டாளி ஜுவேரியாவும் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுகிறவர்கள், மூன்றாவது ரவுண்டில் நிஷா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாளாம், உதடு நீலமாகிவிட்டது என்று ஜுவேரியா சொல்லும்போதே அழுதாள். மாஸ்டர்தான் பைக்கில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். தரமணி கேன்டீனில் பொங்கலுக்கு மிளகு வறுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். டாக்டரம்மா மாஸ்டரைப் பார்த்து, இந்தப் புகையில வீட்டு ஜன்னலையே திறக்காதீங்கன்னு சொல்றோம், ஓடுற புள்ள வாயத் தொறந்து நம்மள மாதிரி பல மடங்கு இழுக்கும், யாருங்க ஓட விட்டது என்று கேட்டார். மீட்டர் பச்சை காட்டுச்சு டாக்டர் என்றார் இவர். அந்த அம்மா ஒரு பார்வை பார்த்தார், அதில் மாஸ்டர் தலை கவிழ்ந்துவிட்டது.

பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று ஜுவேரியாவின் அம்மா அன்வரி பேகத்தைக் கூட்டிக்கொண்டு நேராகப் போனேன். மூலையில் குப்பை புகைந்துகொண்டிருக்கிறது, எங்கள் இரண்டு பேருக்கும் கண் எரிகிறது, மீட்டர் மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருக்கிறது. எனக்கு எங்கிருந்து ஆத்திரம் வந்ததோ, ஸ்டூலைப் போட்டு ஏறி டேப்பைப் பிய்த்துப் பையைக் கிழித்தேன், அன்வரி பேகம் ஹேர்பின்னால் சந்தனத்தைச் சுரண்டினாள், காய்ந்து காரை மாதிரி கட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் மஞ்சள், அதற்கப்புறம் சிவப்பு, சிவப்பு அணையவே இல்லை. கரஸ்பாண்டெண்ட் இறங்கி வந்தார். பிள்ளை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டாரா, இல்லை. ஏம்மா கவரைக் கிழிச்சீங்க, கவர் போட்டதாலதான் இவ்ளோ நாள் ரிப்பேர் ஆவாம இருந்துச்சு என்றார். என் பொண்ணு செத்துப் பொழச்சிக்கீது சார், உனுக்கு மிஷினு ரிப்பேரு பெருசாப் பூட்ச்சா என்று கேட்டேன், மரியாதை எல்லாம் பறந்துவிட்டது, பறக்கட்டும். அதற்கு அவர் சொன்னதை எழுதவே கை கூசுகிறது. நீங்க இருக்குற ஏரியாவுல இல்லாத பொகையா, அங்க வராத மூச்சுத்திணறல் இங்கதான் வந்துச்சா என்றார். அன்வரி பேகம்தான் முந்திக்கொண்டு, எங்க ஏரியா பொகைக்கு நாங்க ஃபீஸ் கட்றதில்ல சார் என்றாள்.

அதற்குப் பிறகாவது குப்பையை அணைத்தார்களா என்றால், மறுநாள் போய்ப் பார்க்கிறேன், சுவரில் மீட்டர் இல்லை, ஆணி மட்டும் இருக்கிறது. வெளியில் இருந்தால் பெற்றோர் வீணாகப் பயப்படுகிறார்கள் என்று கழற்றிக் கரஸ்பாண்டெண்ட் தன் ஏ.சி. ரூமில் மேஜை மேல் வைத்துவிட்டாராம். கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன், நல்ல பச்சை, இப்போது உண்மையாகவே பச்சை. நீங்கள் வியர்வை சிந்தி வாங்கினது அந்த ஆளுடைய மூச்சைக் காவல் காக்கிறது. வாசலில் காறித் துப்பிவிட்டுத்தான் வந்தேன் டில்லி. குப்பை எரிக்கிற அய்யாதுரை மேல் எனக்குக் கோபம் இல்லை, அள்ளிப்போட ஆள் வைக்கமாட்டோம் எரி என்று சொல்கிறார்கள், அவர் இருமிக்கொண்டேதான் எரிக்கிறார். இப்போது நாங்கள் நாலைந்து அம்மாக்கள் காலையில் முறை வைத்துப் போய்க் குப்பையில் ரெண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றிவிடுகிறோம், வாட்ச்மேன் தடுத்தால் அவர் காலிலும் கொஞ்சம் ஊற்றுகிறோம். அசோகன் மாஸ்டரைப் பற்றியும் சொல்லவேண்டும், வீட்டுக்கு வந்து உன் அப்பா எதிரில் கைகட்டி நின்றார். எதிரில் இருக்கிற வாட்டர் டேங்க் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாத நாளிலும் பக்கத்தில் ஏதாவது எரிகிற நாளிலும் யாரையும் ஓடவிடமாட்டேன், வேலை போனாலும் சரி என்றிருக்கிறார், நேற்று அப்படியே பிள்ளைகளைத் திருப்பியும் அனுப்பினார். மாடி ஹால் சாவிக்கு இன்னும் அலைகிறார்.

பெரும்பாக்கத்தில் உன் அத்தைக்கு முட்டி வலி, ஒரு நாள் கூப்பிட்டுப் பேசு. உன் அப்பாதான் பாவம், கிண்டிப் பட்டறையிலிருந்து வந்ததும் நிஷா தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறார். போதும்மே, ஓடி இன்னா ஆவப்போது, டைப்ரைட்டிங் கத்துக்கட்டும் என்கிறார். நீயும் இதைப் படித்ததும் அதைத்தான் சொல்வாய், உன்னை எனக்குத் தெரியாதா. நானும் அதைத்தான் அவளிடம் சொன்னேன். விளையாட்டு கோட்டாவில் காலேஜ் சீட்டு வேண்டாம், எனக்கு நீ உயிரோடு இருந்தால் போதும், ஷூவைக் கழற்றி வை என்றேன். அவள் கோபப்படக்கூட இல்லை. நான் நின்னுட்டா பொகை நின்னுடுமாம்மா, ஊட்ல குந்திக்கினு இதே காத்தத்தான இழுக்கப்போறேன், எரிக்கிறவன உட்டுட்டு ஓடுறவள நிக்கச் சொல்றீங்களே என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் எனக்கு எழுது, அவளுக்குப் போன் பண்ணி நிற்கச் சொல்லாதே. ஊரில் ஒவ்வொருவனும் அவளைத்தான் நிற்கச் சொல்கிறான்.

எல்லாம் வல்ல முண்டகக்கண்ணி அம்மன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், பூஞ்சை பிடித்த ஃபில்டரைச் சுத்தம் பண்ணும்போது மூக்கைக் கட்டிக்கொள், அசட்டையாக இருக்காதே. ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், இந்த மாசக் கடைசி வியாழக்கிழமை காலையில் போன் பண்ணாதே, எடுக்கமாட்டேன். அன்றைக்கு மாவட்டப் போட்டி. டாக்டரம்மா ஓடலாம் என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருக்கிறார், அதைக் கையில் பிடித்துக்கொண்டு சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நான் நிற்பேன், அன்வரி பேகமும் மற்ற அம்மாக்களும் நிற்பார்கள். காற்று நன்றாக இருந்தால் உன் தங்கை ஓடுவாள். இல்லையென்றால் நாங்கள் கோட்டைத் தாண்டி உள்ளே போய் நின்றுகொள்வோம், யார் பிள்ளையும் ஓடாது.

உன் அன்பு அம்மா,
பொ. முனியம்மாள்