வெறும் வெள்ளை

ஜூலை 7, 2025

கோயமுத்தூர் பால் கம்பெனி முருகானந்தத்துக்கு இன்று நானே போன் போட்டேன். பன்னிரண்டு கண்டெய்னர் பாடி கட்ட, நாமக்கல்லில் நாலு பட்டறையைப் பார்க்க வருகிறாராம். அந்த நாலில் என் பட்டறை இல்லை. ஏன் என்று கேட்டேன். "உங்க வெப்சைட்டப் பாத்தனுங்க. சின்ன ஷெட்டு போலன்னு மூடிட்டேன்" என்றார்.

சின்ன ஷெட்டா? இருபத்திரண்டு வருஷமாக லாரிக்குப் பாடி கட்டுகிறேன். வேலையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் படத்தைப் பார்த்தே முடிவு கட்டிவிட்டார். மரப் பாடி லாரி ஆர்டர் குறைந்து பின் ஷெட்டைப் பூட்டி ஐந்து மாதம் ஆகிறது. இந்தக் கண்டெய்னர் வேலை கிடைத்தால்தான் அதைத் திறக்க முடியும். 25ஆம் தேதிவரை பட்டியலில் சேரலாம் என்றார், ஏதோ பாவம் பார்ப்பவர் போல.

ஜூலை 8

வெப்சைட்டைத் திறந்து பார்த்தேன். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மேலே முருகன், இரண்டு பக்கமும் தாமரை, நடுவில் மயில், கீழே என் பெண்கள் பெயர், ஓடுகிற எழுத்தில் 'வருக வருக'. எல்லாம் எங்கள் பெயிண்டர் சடையன் லாரியில் போடுகிற அதே படங்கள். லாரியில் ஒரு சாண் இடம் சும்மா விட்டால், பெயிண்டர் ஏமாற்றிவிட்டான் என்று ஓனர் சண்டைக்கு வருவார். வெப்சைட்டுக்கு மட்டும் வேறு சட்டமா?

தெய்வநாயகியிடம் காட்டினேன். என் மனைவி எதையும் பூசி மெழுகமாட்டாள். "எல்லாம் இருக்குதுங்க. லாரி எங்க?" என்றாள்.

தேடினேன். மயிலுக்குக் கீழே, விரலளவு. அதிலும் பளிச்சென்று தெரிந்தது யாரோ கழற்றிப் போட்ட செருப்பு.

ஜூலை 17

போன வாரம் சேலத்துக்குப் போய் வெப்சைட் செய்கிற பிரீத்தியிடம் வேலையைக் கொடுத்திருந்தேன். பட்டறைக்கு வந்து ஒரு நாள் முழுக்கப் படம் எடுத்துப் போனாள். இன்று சேலத்துக்கு வரச் சொல்லிக் காட்டினாள். வெறும் வெள்ளை. நாங்கள் முட்டை வியாபாரிக்குக் கட்டிய வேன் ஒன்று, கதவுக் கீல் ஒன்று, வெல்டிங் ஒன்று. பெயர், போன் நம்பர். அவ்வளவுதான்.

"மிச்ச வேலை எப்பம்மா முடியும்?" என்றேன். "முடிஞ்சதுங்க சார்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். இதை ஏற்றாதே என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். பாதி வேலைக்கு இவ்வளவு பெருமையா?

ஜூலை 18

தெய்வநாயகி மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். அவள் என்ன செய்வாள்.

ஜூலை 21

முட்டைக்காரரின் இரண்டாவது வேனுக்கு சடையன் வெள்ளை அடிக்கிறான். ஒரே பக்கத்துக்கு நாலு நாளாகப் பட்டி பார்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். மயில் தாமரையோடு முழு லாரியையே மூன்று நாளில் முடிப்பவன். ஏன்டா இவ்வளவு நேரம் என்றேன்.

"பூப் போட்டா ஒடுக்கெல்லாம் அதுக்குள்ள போயிருமுங்ணா. வெள்ளைல மறைக்க எடமில்லீங்ணா. வேல சுத்தமா இருந்தாத்தான் வெள்ள நிக்கும்."

அப்படியே நின்றுவிட்டேன். என் வேலையில் மறைக்க என்ன இருக்கிறது? ஒன்றுமில்லையே! அப்புறம் எதற்கு இத்தனை மயில்? அந்தப் பெண் என் வெல்டிங்கை நம்பித்தான் சுற்றிலும் வெள்ளை விட்டிருக்கிறாள். எனக்குத்தான் நம்பிக்கை போதவில்லை.

பிரீத்திக்கு போன் போட்டேன். மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை. "அதையே போட்டுரும்மா" என்றேன். முருகனுக்கு மட்டும் ஒரு ஓரம் கேட்டேன். சிரித்தாள், கொடுத்தாள். மயில் போனதில் சடையனுக்கு வருத்தம் இருக்குமோ என்று பயந்தேன். மயில் லாரியில் இருக்கிறதே என்று சொல்லிவிட்டுத் தேய்க்கப் போய்விட்டான்.

ஜூலை 24

முருகானந்தத்துக்கு லிங்க் அனுப்பினேன். பத்தே நிமிஷத்தில் போன். "இது அதே பட்டறைங்களா?" என்றார். அதே பட்டறைதான், அதே தகடு, அதே கை என்றேன். திங்கட்கிழமை வருகிறார்!

ஜூலை 28

வந்தார். முட்டை வேனின் ஒரு முனையில் நின்று, ஒரு கண்ணை மூடி, கடைசிவரை பார்த்தார். கையால் தடவினார். "படம் பொய் சொல்லலீங்க" என்றார். முதலில் ஒரு பாடி கட்டித் தரச் சொல்லியிருக்கிறார். அது தேறினால் மிச்சம் பதினொன்றும் எனக்கு.

செப்டம்பர் 12

முதல் வண்டி கோயமுத்தூர் போய்ச் சேர்ந்தது. பதில் இல்லை.

செப்டம்பர் 16

பதினொன்றும் எனக்கே! பின் ஷெட்டின் பூட்டு துருப்பிடித்துத் திறக்கவில்லை, வெட்டியே எடுத்தோம். நாற்பத்தெட்டு வயதில் சின்னப் பையன் மாதிரி பட்டறையை இரண்டு சுற்று நடந்தேன். யார் பார்த்தால் என்ன.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

வருஷா வருஷம் பூஜைக்கு வாசல் போர்டைச் சடையன் புதுப்பிப்பான். இந்த முறை நாலு நாள் எடுத்துக்கொண்டான். பொரி வாங்க வந்த லாரி ஓனர் ஒருவர் அண்ணாந்து பார்த்தார். வெள்ளைப் பலகை. நடுவில் 'குமரகுரு பாடி ஒர்க்ஸ்'. வேறு ஒன்றுமில்லை.

"ஏனுங்க, போர்டு வேல பாதியில நிக்குது?" என்றார்.

"முடிஞ்சதுங்க" என்றேன்.