வாசலுக்கு இல்லாத கதவு

காட்டுக் குழுத் தலைவிக்கு, அதாவது என் வீட்டுக்காரிக்கு,

அக்கா வீட்டில் மூன்று வாரமாகச் சௌகரியமாகத்தான் இருக்கிறேன். மச்சான்தான் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பஸ் நேரத்தைச் சொல்கிறார்.

நம் ஊர்க் காடு, நகரத்து அதிகாரி கையில் இருந்தவரை மரம் வெட்டியதற்காக யாரும் என்னைப் பிடித்ததில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை வருகிறவருக்கு எந்த மரம் எங்கே நின்றது என்று எப்படித் தெரியும்? இப்போது அதிகாரம் ஊருக்கே வந்துவிட்டது. ஊர் உன்னைத் தலைவியாக்கிவிட்டது. நம் வாசல் கதவுக்காக ஒரே ஒரு மரத்தை வெட்டினேன். "புருஷன் வெட்டினா மட்டும் மரம் திரும்ப முளைச்சிடுமா?" என்று கூட்டத்தில் கேட்டாய். கோடாலியைப் பிடுங்கிக்கொண்டாய். என் மரம் பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சாகப் போனது. நானும் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நேற்று மச்சான் இந்த ஊர் மலையைக் காட்டினார். மொட்டைப் பாறை. ஓடையும் வற்றி, பாதி ஊர் கூலி வேலைக்கு வெளியூர் போய்விட்டதாம்.

"யாரு இப்படி வெட்டினது?" என்றேன்.

"ஆளுக்கு ஒண்ணுதான் வெட்டினோம் மாப்ளே."

நாளை வருகிறேன். கோடாலி உன்னிடமே இருக்கட்டும். கோபித்துக்கொண்டு போனவன் கதவைத் தட்டித்தான் உள்ளே வர வேண்டும். நம் வீட்டில் எதைத் தட்டுவது? சாக்குத் திரைக்கு வெளியே நின்று செருமுகிறேன்.

இப்படிக்கு,
உன் குழு பிடித்த முதல் திருடன்