நிலாவில் கால் வைத்த திங்கட்கிழமை

அண்ணா,

பக்கத்துத் தெருவில் காலையிலிருந்து ரிக் வண்டி ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருக்கிறது. ஜன்னலை அடைத்த பிறகும் ஈரமான பாறைத்தூளின் வாசம் வீட்டுக்குள் வந்துவிட்டது. எத்தனை முறை துவைத்தாலும் உங்கள் சட்டையை விட்டுப் போகவில்லை என்று அண்ணி குறைப்பட்டுக்கொள்வார்களே, அதே வாசம். எழுதலாமா, இறந்தவருக்குக் கடிதம் எழுதுவது அசட்டுத்தனமா என்று பல நாள் தள்ளிப்போட்டேன். இன்று எழுதியே ஆக வேண்டும். சொல்ல ஒரு சேதி இருக்கிறது. டீக்கடை பெஞ்சில் இன்று நான் எழுந்து நின்று பேசினேன்.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது.

நடைப்பயிற்சி முடிந்து நாம் எல்லோரும் மலையடிவாரத்து டீக்கடையில் உட்காரும்போது, அந்தத் தேதியில் முன்பு நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லும் பழக்கத்தைத் தொடங்கியது நீங்கள்தான். தேடி எடுப்பது என் வேலை. ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டருக்கு வேறென்ன வேலை? இரண்டு இடத்தில் சரிபார்த்து, துண்டுத் தாளில் எழுதி உங்கள் கையில் கொடுப்பேன். உங்கள் ரிக் வண்டியின் கம்ப்ரஸர் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய குரலில் நீங்கள் நின்றுகொண்டு வாசிப்பீர்கள். பால் வாங்க வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள்.

வாசித்து முடித்ததும் ஒவ்வொருவராகப் பார்த்து ஒரு கேள்வி கேட்பீர்கள். "அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

முதலில் எனக்கு அது பிடிக்கவில்லை. வரலாறு என்பது பெரிய மனிதர்கள் செய்தது, அதில் நம் கதைக்கு என்ன இடம் என்று நினைத்தேன். சுனாமி வந்த தேதியன்று அந்த எண்ணம் மாறியது. லாரி ஓட்டிய பழனியப்பனைப் பார்த்துக் கேட்டீர்கள். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நாகப்பட்டினத்துல லோடு எறக்கிட்டு ராவோட ராவா கெளம்பிட்டனுங்க. கூட வந்த கிளீனரு, தூக்கமா வருதுங்கண்ணா, கடக்கரையில காத்து நல்லா இருக்குது, காலைல பஸ் புடிச்சு வாரேன்னு சொன்னான்." அவ்வளவுதான் சொன்னார். பல வருடம் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்த மனிதர். அவர் ஏன் எந்தக் கடலுக்கும் போவதில்லை என்று அன்றுதான் நமக்குத் தெரிந்தது. வீட்டுக்கு நடக்கும்போது நீங்கள் என்னிடம் மெதுவாகச் சொன்னீர்கள்: "கேக்காம உட்டிருந்தா அந்த மனுசன் சுமந்துக்கிட்டே போயிருப்பாருங்க."

நீங்கள் போன பிறகு வாசிக்க ஆளில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் டீயைப் பார்த்தேன். கடைசியில் ஜவுளிக்கடை ராசு, "அதுக்கென்னங்க, போன்ல எல்லாம் வருது" என்று அந்த வேலையை எடுத்துக்கொண்டார். குறை சொல்லக்கூடாது, நாள் தவறாமல் வாசிக்கிறார். ஒரே மூச்சில் ஏழெட்டுச் சம்பவம் வாசிப்பார். "அப்படிங்களா" என்பார்கள். பிறகு டீசல் விலைக்குப் போய்விடுவார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. நான் பழக்கம் விடாமல் தாளில் எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன்.

நேற்று ஜூலை இருபது. நிலாவில் மனிதன் இறங்கிய நாள் என்று ராசு வாசித்தார். இதே விஷயத்தில் நானும் ஒரு முறை தடுமாறியது நினைவிருக்கிறதா? புத்தகங்கள் அமெரிக்கக் கணக்கில் இருபது என்றன. நேர வித்தியாசத்தைக் கூட்டிப் பார்த்தால் நம் ஊரில் அப்போது இருபத்தொன்று விடிந்துவிட்டது. எதை எழுதுவது என்று தெரியாமல் உங்களிடம் வந்தேன். நீங்கள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"திங்கக்கெழம காலைலங்க. நான் கெணத்துக்குள்ள இருந்தேன்."

அப்போது உங்களிடம் ரிக் இல்லை, கிணறு வெட்டும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். மேலே டிரான்சிஸ்டர் வைத்திருந்தவர் எட்டிப் பார்த்துக் கத்தினாராம்: "டேய், நிலாவுல மனுசன் கால் வெச்சுட்டான்டா!" நீங்கள் கீழேயிருந்து பதில் கத்தினீர்களாம்: "அவனுக்கென்னடா, வெச்சுட்டான். நான் இன்னும் தண்ணியில கால் வெக்கல, கூடைய எறக்குடா!"

நேற்று ராத்திரி ஒரு முடிவுக்கு வந்தேன். காலையில் போனேன். ராசு போனை எடுப்பதற்குள் எழுந்தேன். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தேன். "இன்னைக்குத்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"சத்தமாச் சொல்லுங்க சாமி, லெட்டர ஒட்டிக் குடுத்தாப்புல பேச்சு உள்ளயே இருக்குது," என்றார் பழனியப்பன். எல்லோரும் சிரித்தார்கள். கோபமா வெட்கமா தெரியவில்லை, எனக்கே தெரியாத ஒரு குரல் வந்தது. நம் ஊர்க் கடிகாரப்படி இன்றுதான் அந்த நாள் என்றேன். நீங்கள் கிணற்றுக்குள் இருந்ததைச் சொன்னேன். கூடையை இறக்கச் சொன்னதையும் சொன்னேன். பெஞ்சு குலுங்கியது. சிரிப்பு அடங்கும்வரை உட்காராமல் நின்றேன். பிறகு ராசுவைப் பார்த்துக் கேட்டேன்: "அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

தேதியைத் திருத்தியதற்குக் கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் போனை மடியில் வைத்துவிட்டு மலையைப் பார்த்தார். "நான் சின்னப் பையனுங்க. எங்கம்மா தறியில உக்காந்திருந்துச்சு. நிலாவுல ஆளு எறங்கிட்டாங்கன்னு ஓடிப்போய்ச் சொன்னேன். அவங்களுக்கு அங்க சோறு யாரு ஆக்கிப் போடுவான்னு கேட்டுச்சு." போனைப் பையில் போட்டுக்கொண்டே, "அம்மா பேசுனதே மறந்து கெடந்துச்சுங்க. இப்பத்தான் நெனப்பு வருது," என்றார். கிளம்பும்போது என் தோளைத் தொட்டு, "நாளைக்கும் நீங்களே சொல்லுங்க, போஸ்ட்மாஸ்டரே" என்றார்.

சொல்வேன், அண்ணா. நாளை ஜூலை இருபத்திரண்டு, நாற்பத்தேழில் நம் தேசியக் கொடியை அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்ட நாள். அன்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் பெஞ்சில் பெரும்பாலோர் அப்போது பிறக்கவே இல்லை. அப்பா அம்மா எங்கே இருந்தார்கள் என்று கேட்பேன். குரல் உடைந்தாலும் கேட்பேன். எனக்கு நீங்கள் விட்டுப்போனது அந்தக் கேள்வி ஒன்றுதான். அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்து வீணாக்கமாட்டேன்.

மாசியில் நீங்கள் போன தேதியும் வரும். அன்று உலகத்தில் நடந்த பெரிய சம்பவங்களை எல்லாம் தேடிப் பார்த்துவிட்டேன். அவற்றில் ஒன்றைக்கூட வாசிக்கப் போவதில்லை. எழுந்து நின்று, உங்கள் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, "அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்று பெஞ்சில் ஒவ்வொருவரிடமும் கேட்பேன். முதல் ஆளாக நான் பதில் சொல்வேன்.